பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்: தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள்

பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, அடிப்பாகத்தில் கொப்புளம் இருக்கிறதா என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் படகு தேடி அலைந்த காலம் முழுவதும் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மேல்தளம். இரவும் பகலும் கடலில் ஊறிக் கிடக்கும் அடிப்பாகத்தைவிட, எப்போதோ பெய்யும் மழையில் மட்டும் நனையும் மேல்தளம்தான் பல படகுகளில் முதலில் கெட்டுப்போகிறது. அந்தக் கேடு வெளியே தெரிவதில்லை. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஃபைபர் படகுகளின் மேல்தளம் ஒரே கனமான ஃபைபர் பலகை அல்ல. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், இரண்டுக்கும் நடுவில் பால்சா மரமோ, பிளைவுட்டோ, நுரைப்பலகையோ ஒட்டப்பட்டிருக்கும். எடை கூடாமல் விறைப்புக் கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. தோல்கள் இரண்டும் நடு அடுக்கோடு இறுக ஒட்டியிருக்கும் வரை தளத்தின் மேல் நான்கு பேர் குதித்தாலும் அசையாது. ஒட்டு விட்டுவிட்டால், மிஞ்சுவது வளைந்து கொடுக்கும் இரண்டு மெல்லிய தகடுகள்தான்.

அந்தத் தளத்தில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஓரக் கம்பித் தூண்கள், கயிறு கட்டும் கிளீட்டுகள், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுகள், கைப்பிடிகள், கூரைச் சன்னல்கள், கயிறு ஓடும் தண்டவாளம் எல்லாமே தளத்தைத் துளைத்துப் போல்ட் போட்டு முடுக்கியவை. ஒவ்வொரு துளையையும் அடைத்திருக்கும் பசைக்கு ஆயுள் உண்டு. பத்து, இருபது ஆண்டுகளில் அது காய்ந்து பிடி விடும். தூணைப் பிடித்து ஒருவர் படகில் ஏறும்போதெல்லாம் அந்தத் துளை இம்மியளவு திறந்து மூடும். மழைநீருக்கு அது போதும். பால்சாவைச் சிறு சிறு கட்டைகளாக அறுத்து, வலைத்துணியில் ஒட்டி, வளைவுக்கு ஏற்பப் பதிப்பார்கள். கட்டைகளுக்கு இடையே உள்ள கோடுகளில் பிசின் சரியாக இறங்கியிருக்கவில்லை என்றால், அந்தக் கோடுகளே வாய்க்கால்கள். நீர் நுழைந்தது ஓரிடம், அழுகுவது வேறிடம், கூரையில் சொட்டுவது இன்னோரிடம்.

மழைநீர் என்று சொன்னதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. நன்னீர்தான் அதற்கு வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளர்வதில்லை. ஆகவே கடலில் அலைமோதி ஓடிய படகைவிட, மூடியில்லாமல் பல மழைக்காலம் கரையோரம் கட்டிக் கிடந்த படகின் மேல்தளத்தை நான் அதிகச் சந்தேகத்தோடு பார்ப்பேன். ‘அதிகம் ஓடாத படகு’ என்பதை விற்பவர்கள் சிறப்பாகச் சொல்வார்கள். நான் அதைக் கேட்டால் சுத்தியலை எடுத்துவிடுவேன்.

சுத்தியல் என்றால் இரும்புச் சுத்தியல் அல்ல. பிளாஸ்டிக் தலை வைத்த சிறிய சுத்தியல், அல்லது திருப்புளியின் பிளாஸ்டிக் பிடி. அதைத் தளர்வாகப் பிடித்து, ஒரே வேகத்தில், அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் படகுப் பட்டறையில் பல காலம் ஃபைபர் வேலை செய்த ஒரு பெரியவர். முதல் படகைப் பார்க்கப் போனபோது நான் ஈரப்பத மீட்டரைக் கையில் எடுத்ததும் அவர் தடுத்தார்.

“தம்பி, அதைப் பையில் வையுங்கள். முதலில் காதுக்கு வேலை கொடுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று தெரிந்த பிறகு மீட்டரை எடுக்கலாம்.”

“எது நல்ல சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும், ஐயா?”

“இந்தப் படகே சொல்லும். நல்ல இடத்தில் ஆரம்பியுங்கள்.”

அது சரியான அறிவுரை. போல்ட் எதுவும் இல்லாத, தளத்தின் உயரமான நடுப்பகுதியில் தொடங்கினோம். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ‘டக், டக்’ என்று கூர்மையான, குறுகிய ஒலி. சுத்தியலும் கையில் துள்ளித் திரும்பியது. ஓரத்தை நோக்கி நகர்ந்து, இடப்பக்கம் நடுவில் இருந்த கம்பித் தூணை நெருங்கியபோது ஒலி மெல்ல மங்கியது. தூணுக்கு ஒரு கை தூரத்தில் ‘தொப்’ என்று செத்த சத்தம். சுத்தியலும் துள்ளவில்லை. தரை ஓட்டுக்கு அடியில் சிமெண்ட் பிடிக்காத இடத்தைத் தட்டினால் வருமே, அதே வெறுமை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து காகித நாடாவை எடுத்து, ஒலி மாறும் எல்லையில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே வந்தார். முடித்துவிட்டு எழுந்து பார்த்தபோது தூணிலிருந்து தளத்தின் தாழ்ந்த ஓரத்தை நோக்கி நீண்ட ஒரு நாக்கு வடிவம் தெளிவாகத் தெரிந்தது. நீர் இறங்கிய பாதை அது. வெள்ளை வண்ணத்தில் ஒரு கறைகூட இல்லை. தூணின் அடித்தட்டைச் சுற்றி முடியளவு மெல்லிய விரிசல்கள் மட்டும் வெளிநோக்கிப் பரவியிருந்தன.

உள்ளே இறங்கி, அறையின் கூரைத் துணியின் ஜிப்பைத் திறந்தோம். அதே தூணின் நான்கு போல்ட்டுகளும் தெரிந்தன. மூன்று காய்ந்திருந்தன. நான்காவதன் நட்டின் நுனியில் கருப்பட்டி நிறத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. விரலால் தொட்டு முகர்ந்தால் மக்கிய இலை வாடை. துருவின் நிறம் செம்மை, இது பழுப்பு. நடு அடுக்கு மரம் கரைந்து வரும் நீர் அப்படித்தான் இருக்கும். படகுக்காரர் நேர்மையானவர். அவரும் எங்களோடு குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த அதிர்ச்சியில் நடிப்பு இல்லை.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தளத்துக்குக் கீழே தடுப்புச்சுவர் சேரும் இடத்திலும், நடு அடுக்கு இல்லாமல் முழு ஃபைபராக விட்ட ஓரங்களிலும் ஒலி இயல்பாகவே மாறும். நனைந்திருந்தாலும் ஒட்டு விடாத மரம் ஓரளவு நல்ல ஒலியே தரும். அதனால்தான் காலையும் பயன்படுத்த வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலில் முழு எடையையும் போட்டு, தளம் முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். நல்ல தளம் அசையாது. கெட்ட இடத்தில் பாதம் சற்றே அமிழும், சில நேரம் ‘நெறு நெறு’ என்ற ஓசையும் கேட்கும். கிளீட்டின் வாஷரைச் சுற்றி தளம் குழிந்திருந்தால், அடியில் மரம் நசுங்கிவிட்டது என்று பொருள்.

மீட்டருக்கு வருவோம். படகுகளுக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ஊசி குத்தாத வகை. மின்புலத்தை உள்ளே அனுப்பி, அது எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும். அதில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம், நிம்மதி அடைகிறவர்களும் அதிகம். இரண்டுமே தப்பு. பல கருவிகளின் அளவுகோல் மரத்துக்காக வகுத்தது. ஃபைபர் முழுக்க ஊறினாலும் தன் எடையில் சில சதவீதத்துக்கு மேல் நீரை வாங்காது. ஆகவே ஃபைபரில் அந்த எண்ணுக்குத் தனிப் பொருள் கிடையாது. ஒரே படகில் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிடுவதற்கு மட்டுமே அது உதவும். நீர்மட்டத்துக்கு மேலே, எப்போதும் உலர்ந்திருக்கும் பக்கச்சுவரில் முதல் அளவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் கேள்வி.

பொய் அளவு காட்ட வைக்கும் காரணங்களும் பல. தளத்தின் மேல் காலைப் பனி, காய்ந்த உப்பு, அடிப்பாகத்தில் பூசிய செம்பு கலந்த பாசி தடுப்பு வண்ணம், அடியில் மறைந்திருக்கும் உலோகத் தகடு, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள நன்னீர்த் தொட்டி என்று எது இருந்தாலும் முள் எகிறும். ஒரு படகில் முன்பக்கம் முழுவதும் அளவு உச்சத்தில் நின்றது. உள்ளே படுக்கையைத் தூக்கிப் பார்த்தால் நிறைந்த தண்ணீர்த் தொட்டி சுவரை ஒட்டி இருந்தது. தொட்டியைக் காலி செய்த பிறகு அந்த ஈரம் மாயமாகிவிட்டது. சுத்தியல் அங்கே ஆரம்பத்திலிருந்தே நல்ல சத்தம்தான் கொடுத்திருந்தது. மீட்டரும் சுத்தியலும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்புங்கள். ஒன்று மட்டும் காட்டினால் காரணம் தேடுங்கள்.

மேல்தளத்துக்கு அடுத்தபடியாக நான் அதிக நேரம் செலவிடுவது செயின்பிளேட்டுகளில். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிறுத்தும் கம்பிகள் வந்து மாட்டும் எஃகுப் பட்டைகள் அவை. பல படகுகளில் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கி, பிளைவுட் தடுப்புச்சுவரில் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். பாய்மரம் நிற்பதே இவற்றின் பலத்தில். துருப்பிடிக்காத எஃகு என்கிறோம். அந்த எஃகைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்கக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். நனைந்த தளத்தின் கனத்துக்குள், காற்றுப்படாமல், உப்பு ஈரத்தில் அழுந்திக் கிடக்கும் அந்த ஓர் அங்குலத்தில் படலம் அழிந்து, எஃகு குழி குழியாக அரிக்கும், விரிசல் விடும். மேலேயும் கீழேயும் பளபளக்கும் பட்டை, நடுவில் பாதி தின்னப்பட்டிருக்கலாம். அதனால் ஒரு பட்டையையாவது கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால், எல்லாப் பட்டைகளையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

அந்தத் தடுப்புச்சுவரையும் விடாதீர்கள். பட்டைக்குக் கீழே மெருகு கறுத்திருக்கிறதா, மேல் மரத்தகடு உப்பியிருக்கிறதா என்று டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் ஒளியில் தெரியாத மேடுபள்ளம் சாய்ந்த ஒளியில் தெரியும். கறை உள்ள இடத்தில் கூர்மையான ஊசியால், மறைவான மூலையில், லேசாக அழுத்தினால் போதும். நல்ல பிளைவுட் எதிர்க்கும். அழுகியது வழிவிடும்.

பாய்மரம் தளத்தின் மேலேயே நிற்கும் படகுகளில் இன்னொன்று: அதன் அடியில் உள்ள மரமும் தாங்குதூணின் பாதமும். அங்கே நீர் புகுந்து மரம் நசுங்கினால் பாய்மரம் சிறிது சிறிதாகக் கீழே இறங்கும். தளம் குழியும், அருகிலுள்ள அறைக்கதவு நிலையில் இடிக்கும். கம்பிகளை எத்தனை முறை முறுக்கினாலும் மறுபடி தளரும். கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பது சின்ன வேலைதான். அது சொல்லும் செய்தி பெரிது.

இனி எல்லோரும் பயப்படும் கொப்புளம். ஃபைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட் பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருந்தாலும், நீரை மிக மெதுவாக உள்ளே விடும். உள்ளே பிசின் சரியாக இறுகாத இடங்களில் நீரில் கரையும் பொருள்கள் மிஞ்சியிருக்கும். அவை கரைந்து அடர்ந்த திரவமாகும். அந்த அடர்வு வெளியிலிருந்து மேலும் நீரை இழுக்கும். உள்ளே அழுத்தம் கூடிக் கொப்புளம் எழும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்ததுதான். நன்னீரில் கிடக்கும் படகில் இது உப்புநீரைவிட வேகமாக நடக்கும். ஒரு கொப்புளத்தைக் குத்தினால் வரும் திரவம் காடிவாடை அடிக்கும், விரலில் பிசுபிசுக்கும். அது அழுத்தத்தோடு பீறிடும் அமிலம் என்பதால், கண்ணாடி அணியாமல் குத்தாதீர்கள். விற்பவரின் சம்மதம் இல்லாமல் குத்தவே கூடாது.

இதைச் சோதிப்பதில் நேரம் முக்கியம். கரையேற்றிய உடனே கொப்புளம் புடைத்து நிற்கும். நாள் போகப் போக வற்றித் தட்டையாகிவிடும். மீட்டருக்கு நேர்மாறு: கரையேற்றிய அன்று எல்லா இடமும் ஈரம்தான் காட்டும், வெளிப்பரப்பு காயச் சில நாள் வேண்டும். எனவே முடிந்தால் தூக்கும்போதே போய்க் கண்ணால் பாருங்கள். சில நாள் கழித்து மீட்டரோடு மறுபடி போங்கள். புதிதாகப் பாசி தடுப்பு வண்ணம் பூசி மாதக் கணக்கில் கரையில் நிற்கும் படகைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆழமில்லாத, சிதறிய சில கொப்புளங்களுக்காக நான் ஒரு படகை விட்டுப் போகமாட்டேன். சுரண்டி, கழுவி, காய வைத்து, எபாக்ஸி என்ற பிசினைப் பூசினால் அவை சரியாகும். அடிப்பாகமும் நடு அடுக்கு வைத்துக் கட்டிய படகாக இருந்து, நீர்வழி வால்வுகளைச் சுற்றி செத்த சத்தம் கேட்டால் மட்டும் யோசிக்காமல் திரும்பிவிடுவேன். அங்கே கடலே நின்று அழுத்திக்கொண்டிருக்கிறது.

சுக்கானையும், படகின் அடியில் போல்ட் போட்டுத் தொங்கும் கனமான ஏராவையும் (கீல்) கரையேற்றிய அன்றே பார்க்கத் தொடங்கலாம். பெரும்பாலான சுக்கான்கள் நுரை நிரப்பிய இரண்டு ஃபைபர் ஓடுகள். நடுவே எஃகுத் தண்டு, அதில் பற்றவைத்த கைகள். தண்டு நுழையும் மேல்வாயில் ஃபைபரும் எஃகும் நெடுநாள் ஒட்டி நிற்பதில்லை. நீர் இறங்கி, உள்ளே பற்றுகளை அரிக்கும். சுக்கானின் கீழ் விளிம்பில் சொட்டுகிறதா, துருக்கோடு வழிகிறதா என்று பாருங்கள். பிறகு மேலே சுக்கான்பிடியை ஒருவர் அசையாமல் பிடிக்க, கீழே இன்னொருவர் தகட்டைத் திருப்ப முயல வேண்டும். தகடு மட்டும் தனியாக அசைந்தால் உள்ளே பற்று விட்டுவிட்டது.

ஏரா சேரும் கோட்டில் முன்பக்கம் விரிசல் இருக்கிறதா, கரையேற்றிப் பல நாள் ஆன பிறகும் அங்கே ஈரம் கசிகிறதா என்று கவனியுங்கள். உள்ளே அடிக்குழியில் ஏரா போல்ட்டுகளின் நட்டுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள உள்சட்டம் படகின் அடி ஓட்டோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் தட்டிப் பார்க்க வேண்டும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் ‘சீக்கி ரஃபிகி’ என்ற படகின் ஏரா கழன்று, அதிலிருந்த நான்கு பேரும் மாண்டார்கள். உள்சட்டத்தின் ஒட்டு விட்டிருந்திருக்கலாம் என்பதைப் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அறிக்கை கவனப்படுத்தியது. இந்த மூலையில் அவசரம் காட்டவே கூடாது.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவது எனக்குப் பிடித்த உத்தி. வெயில் நாளில் போக நேர்ந்தால் தண்ணீர்க் குழாய் கேளுங்கள். தாழ்ந்த இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு பொருத்தின் மேலும் சில நிமிடம் நன்னீர் விட்டு மேலே ஏற வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்தத் துளையில் ஒழுகியது என்று தெரியாது. இன்னும் தெளிவாகக் காட்டும் ஒரு வழி உண்டு: ஒரு காற்று ஊதியைக் கூரைச் சன்னலில் பொருத்தி, மற்ற திறப்புகளை நாடாவால் அடைத்து, அறைக்குள் காற்றை லேசாக நிரப்ப வேண்டும். வெளியே பொருத்துகள் மேல் சோப்பு நீர் தெளித்தால், கசியும் இடமெல்லாம் குமிழி விடும்.

மறைப்பு வேலைகளையும் பார்த்திருக்கிறேன். தளத்தில் மட்டும் புது வழுக்காத வண்ணம், அடிக்குழியில் மட்டும் புது வெள்ளை, நாங்கள் வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். எல்லாவற்றிலும் மோசமானது, சாய்ந்த வெயிலில் தளத்தைப் பார்த்தபோது தெரிந்த வரிசையான சிறு அடைப்புகள். யாரோ அடுத்தடுத்துத் துளையிட்டு எபாக்ஸியை ஊசியால் ஏற்றியிருக்கிறார்கள். ஈர மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. அந்த வேலை ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததோடு சரி.

சந்தேகம் உறுதியானதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மரம் நனைந்திருக்கிறதா, அழுகிவிட்டதா? இதை மாதிரி எடுத்தால்தான் அறிய முடியும். விற்பவர் எழுத்தில் சம்மதித்தால், அறைக்குள்ளிருந்து, கீழ்த்தோலை மட்டும் துளைத்து நடு அடுக்கைக் கொஞ்சம் வெளியே எடுக்கலாம். மேல்தோல் வரை போகாதபடி துளைக்கோலில் நாடா சுற்றிக்கொள்ளுங்கள். வெளிர் நிறத்தில் உதிர்ந்து வந்தால் நிம்மதி. வெளிர் நிறம், ஆனால் பிழிந்தால் ஈரம் என்றால் சரிசெய்ய வழியுண்டு. பழுப்புச் சேறாக வந்தால் மேல்தோலை அறுத்தெடுத்து, மரத்தைச் சுரண்டி, புதிது பதித்து, மறுபடி ஃபைபர் போட வேண்டும். பொருளைவிடக் கூலி பல மடங்கு ஆகும் வேலை அது. காகித நாடாவால் குறித்த எல்லையைப் படமெடுத்து வைத்திருந்தால், அதன் பரப்பை வைத்தே பட்டறையில் மதிப்புக் கேட்கலாம்.

இவ்வளவும் நாமே செய்தாலும், பணம் கொடுக்கும் முன் ஒரு சர்வேயரை, அதாவது படகைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணரை, அமர்த்துவது அவசியம். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆள் வேண்டாம். நீங்கள் தேடி, நீங்கள் கூலி கொடுக்கும் ஆள். நம் குறிப்புகளை அவர் கையில் கொடுத்து, ‘இந்த இடங்களை முதலில் பாருங்கள்’ என்று கேட்டால் அவர் நேரம் வீணாகாது. முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், சர்வே திருப்தியில்லை என்றால் பணம் திரும்ப வரும் என்ற வரி இருக்க வேண்டும்.

பழுப்புத் துளி நின்ற படகை நான் வாங்கவில்லை. நாடா குறித்த பரப்பு இரண்டு பக்கமும் சேர்ந்து தளத்தில் பெரும்பகுதியைத் தொட்டது. பின்னர் வாங்கிய படகிலும் ஈரம் இருந்தது, இரண்டு கிளீட்டுகளைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு. மாதிரி வெளிர் நிறத்தில் வந்ததால் துணிந்தேன், விலையும் குறைந்தது. வாங்கியதும் பாய்களைத் தொடவில்லை. உலர்ந்த பருவம் முழுவதையும் தளத்துக்கே கொடுத்தேன். ஒவ்வொரு பொருத்தாகக் கழற்றி, துளையைச் சுற்றியுள்ள மரத்தை இரண்டு தோல்களுக்கும் நடுவே குடைந்தெடுத்து, நன்றாகக் காய விட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அந்த எபாக்ஸியின் நடுவே போல்ட்டுக்குத் துளையிட்டேன். இப்போது பசை விட்டுக் கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது, நேராக அறைக்குள் சொட்டும். எங்கே கசிகிறது என்று உடனே தெரிந்துவிடும். அடைப்புக்கு சிலிகான் பயன்படுத்தவில்லை. பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடாதான். அது இறுகிப்போகாமல் போல்ட்டோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும், அடுத்த முறை கழற்றவும் எளிது. பியூட்டைல் வைத்தால் போல்ட்டை ஒரே மூச்சில் முடுக்காதீர்கள். கொஞ்சம் முடுக்கி, பிதுங்குவதை வெட்டிவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் முடுக்குங்கள். முடுக்கும்போது போல்ட்டின் தலையைத் திருப்பாமல் உள்ளே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை திரும்பினால் நாடா அறுந்து, அடைத்த வழி மறுபடி திறந்துகொள்ளும்.